எம்டிபியில் முதலில் எதை மாற்றுவது: டயரா, பிரேக்கா, கியரா, ஃபோர்க்கா?

எம்டிபி, அதாவது மவுண்டன் பைக், வாங்கி ஒன்றிரண்டு வருடம் ஓட்டியவர்கள் ஓரிடத்தில் வந்து நின்றுவிடுகிறார்கள். கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கை மாற்றுவதா, முன்னால் ஒரே பல்சக்கரம் உள்ள ஒன்-பை கியர் போடுவதா, எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் போடுவதா என்று தெரியவில்லை. கடைக்குக் கடை ஒரு பதில் கிடைக்கிறது.

இங்கே எடுத்துக்கொள்வது நம் சாலைகளில் அதிகம் தென்படும் வகை: அலுமினிய ஹார்ட்டெய்ல் (முன்னால் மட்டும் சஸ்பென்ஷன்), 27.5 அங்குலச் சக்கரம், முன்னால் மூன்று பின்னால் ஏழு கியர், கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக், 80 அல்லது 100 மி.மீ. அமுங்கும் ஸ்பிரிங் ஃபோர்க். மிக அகன்ற டயருள்ள ஃபேட் பைக்கின் கணக்கு வேறு, அதற்குக் கடைசியில் தனிப் பகுதி உண்டு. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பெரும்பாலானோருக்கு டயர் முதலில், பிரேக் இரண்டாவது, கியர் தேய்ந்த பிறகு. ஃபோர்க் கடைசி. பலருக்கு ஃபோர்க் மாற்றம் தேவையே இல்லை.

## எதை வைத்து எடைபோடுவது

முதலில் குறை என்ன என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "இறக்கத்தில் விரல் வலிக்கிறது", "வாரம் ஒரு பஞ்சர்", "ஏற்றத்தில் கால் ஓய்ந்துபோகிறது". இப்படி எழுத வராவிட்டால் மாற்ற வேண்டிய பாகமும் இன்னும் தெரியவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, அந்தப் பாகம் கூட எதையெல்லாம் இழுத்துவரும் என்பது. நான்கு அளவுகோல்களில் இதற்குத்தான் அதிக எடை கொடுக்கிறேன். மேம்படுத்தலில் பணம் போவது பெரும்பாலும் வாங்க நினைத்த பாகத்தில் இல்லை. அது பொருந்துவதற்காகப் பின்னால் வாங்கும் நான்கு பாகங்களில்தான். மூன்றாவது, அதற்கான பேடும் செயினும் எண்ணெயும் உங்கள் ஊரில் கிடைக்குமா, உங்கள் மெக்கானிக்கிடம் கருவி இருக்கிறதா என்பது. நான்காவது, நாளை சைக்கிளை விற்றால் அந்தப் பாகத்தைக் கழற்றி அடுத்ததில் போட முடியுமா என்பது.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை. பழைய கேபிளையும் அதன் வெளி உறையையும் மாற்றி, பிரேக் பேடைப் புதுசாக்கி, கீழே விழுந்ததில் வளைந்த டீரெய்லர் ஹேங்கரை (கியர் மாற்றும் டீரெய்லர் தொங்கும் காதை) நிமிர்த்தி, ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். "கியர் சரியில்லை" என்று வரும் சைக்கிள்களில் நிறைய, துருப்பிடித்த கேபிளும் அரை டிகிரி உள்ளே சாய்ந்த ஹேங்கரும்தான்.

## டயர்: செலவு குறைவு, வித்தியாசம் அதிகம்

சைக்கிளில் தரையைத் தொடுவது டயர் மட்டும்தான். பிரேக் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் டயர் வழுக்கினால் பலனில்லை. விலை குறைந்த எம்டிபிகளில் வரும் டயர் கடினமான ரப்பரில், கனமான கம்பி விளிம்போடு வருகிறது. ஈரப் பாறையில் நழுவும், தார்ச்சாலையில் இழுக்கும்.

முன் டயரை மென்மையான ரப்பரில், ஆழமான பல்லோடு, 2.25 அல்லது 2.3 அகலத்தில் எடுங்கள். பின் டயர் சற்றுக் குறுகலாக, நடுவில் நெருக்கமான பல்லோடு இருந்தால் சீக்கிரம் தேயாது. ஓட்டத்தில் முக்கால் பங்கு தார்ச்சாலை என்றால் இரண்டுக்கும் சிறிய கட்டைப் பல் போதும். வாங்குமுன் செயின்ஸ்டேக்கும் (பின்சக்கரத்தின் இரு பக்கமும் போகும் ஃபிரேம் குழாய்) டயருக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவிடுங்கள். புது டயர் ஏறிய பின்னும் இரண்டு பக்கமும் 5 மி.மீ.க்குக் குறையக் கூடாது. சேறு ஒட்டினாலோ ரிம் சற்று ஆடினாலோ பெயின்ட்டைத் தின்றுவிடும்.

முள் பிரச்சினை இருப்பவர்களுக்கு மூன்று வழி உண்டு. நெருஞ்சி முள் சிறியது, ஆனால் ஒரே ஓட்டத்தில் பத்துப் பதினைந்து ஏறும். சீமைக்கருவேல முள் நீளமானது, தடித்த டயரையும் துளைத்து உள்ளே வரும்.

* டியூபுக்குள் சீலன்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம். வால்வின் உள்பகுதியைக் கழற்றி 60 முதல் 90 மி.லி. ஊற்றுவது. ரிம்மைத் தொடவே வேண்டாம். நெருஞ்சிக்கு இதுவே போதும். காற்றைக் குறைத்து ஓட்டினால் ரிம்மில் நசுங்கும் பஞ்சர் மட்டும் இதில் தீராது.
* டியூப்லெஸ். முள்ளுக்கும் நசுங்கலுக்கும் இரண்டுக்குமே தீர்வு. 70 கிலோ ஆள் டியூபில் 30 முதல் 35 பிஎஸ்ஐ வைக்கும் 2.25 டயரை டியூப்லெஸ்ஸில் 22 முதல் 27 வரை இறக்கலாம். கல்பாதையில் கையும் முதுகும் வாங்கும் அடி இந்த இறக்கத்திலேயே நன்றாகக் குறையும்.
* தடித்த டியூப், உள்ளே பட்டை. முள் நிற்கும். ஆனால் சக்கரம் கனத்துப்போகும், சவாரி மரத்துப்போகும். தினசரி வேலைக்குப் போகும் சைக்கிளுக்குச் சரி.

டியூப்லெஸ்ஸின் மறைந்த செலவைப் பார்ப்போம். ரிம் டேப், உள் அகலத்தைவிட 3 முதல் 5 மி.மீ. அகலமாக, இரண்டு சுற்று. வால்வு இரண்டு. 27.5 சக்கரத்துக்குச் சக்கரம் ஒன்றுக்குச் சுமார் 90 மி.லி. சீலன்ட். நம் வெயிலில் அது இரண்டு மூன்று மாதத்தில் காய்ந்துவிடும், மறுபடி ஊற்ற வேண்டும். பல சைக்கிள்களில் ரிம் துளை கார் வால்வுக்கானது, 8.5 மி.மீ. மெல்லிய பிரெஸ்டா வால்வுக்கு 6.5 மி.மீ. போதும் என்பதால், கார் வால்வு வகை டியூப்லெஸ் வால்வாகவே கேட்டு வாங்குங்கள்.

முக்கியமான எச்சரிக்கை: டியூப்லெஸ்ஸுக்கென்று செய்யாத ரிம்மில் டயர் விளிம்பைப் பிடித்து நிறுத்தும் மேடு இருக்காது. வளைவில் சாய்ந்ததும் விளிம்பு விலகி மொத்தக் காற்றும் ஒரே மூச்சில் வெளியேறும். ரிம்மிலும் டயரிலும் டியூப்லெஸ் ரெடி என்று பொறித்திருந்தால் மட்டும் இறங்குங்கள். இல்லாவிட்டால் முதல் வழியே போதும்.

## பிரேக்: ஒரு சின்னக் கைப்பிடி கணக்கைக் கெடுக்கும்

கேபிள் டிஸ்க்குகளில் பெரும்பாலானவற்றில் ஒரு பக்கப் பேட் மட்டும்தான் நகரும். அது ரோட்டரை (சக்கரத்தோடு சுழலும் தட்டை) வளைத்துக்கொண்டுபோய் மறுபக்க அசையாப் பேடில் அழுத்தும். அந்த அசையாப் பேட் தேயத் தேய ரோட்டர் அதிகம் வளையும், லீவர் கைப்பிடிவரை வரும். அதன் திருகை உள்ளே திருப்பி, ரோட்டரை உரசாமல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளியில் வைத்தாலே பாதிப் புகார் போய்விடும். இது செலவில்லாத வழி.

ஹைட்ராலிக் தேவைப்படுவது மலை இறக்கத்தில். கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அவற்றைக் கேபிள் பிரேக்கோடு இறங்கினால் பாதியிலேயே விரல்கள் விட்டுக்கொடுக்கும். ஹைட்ராலிக்கில் ஒரு விரலோ இரண்டு விரலோ போதும், பேட் தேய்மானத்தை அதுவே சரிக்கட்டிக்கொள்ளும். ஷிமானோ எம்டி200 இந்த வகையில் தொடக்கநிலை செட்; சாதாரண எம்டிபிக்கு அதற்கு மேல் போக வேண்டியதில்லை.

கூட வரும் செலவு இதுதான். உங்கள் ஹேண்டில்பாரைப் பாருங்கள்: பிரேக் லீவரும் கியர் ஷிஃப்டரும் ஒரே துண்டாக இருக்கின்றனவா? ஷிமானோ இஎஃப்500 போன்ற இணைந்த வகை விலை குறைந்த சைக்கிள்களில் பரவலாக வருகிறது. லீவரைக் கழற்றினால் ஷிஃப்டரும் போய்விடும். அப்படியென்றால் பிரேக் செட்டோடு இரண்டு தனி ஷிஃப்டர்களையும் வாங்க வேண்டும். கியரையும் பின்னால் மாற்றும் எண்ணம் இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் திட்டமிடுங்கள், இல்லாவிட்டால் ஏழு ஸ்பீடு ஷிஃப்டரை இன்று வாங்கி ஆறு மாதத்தில் தூக்கிப்போடுவீர்கள்.

அடுத்து அடாப்டர். ஃபிரேமிலும் ஃபோர்க்கிலும் காலிப்பரை (பேட்களைத் தாங்கும் பகுதியை) பொருத்தும் இடம் ஐஎஸ் வகையா, போஸ்ட் வகையா, ரோட்டர் 160ஆ 180ஆ என்பதைப் பொறுத்து அடாப்டர் மாறும். ஒரு செல்போன் படம் எடுத்துக்கொண்டு போனால் கடைக்காரர் சொல்லிவிடுவார். முன்னால் 180 மி.மீ. ரோட்டர் போட்டால் அதே விசைக்குப் பிடிப்பு எட்டில் ஒரு பங்கு கூடும். ஃபோர்க் அந்த அளவைத் தாங்குமா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

பொருத்தும்போது கெடுவது இங்கேதான்:

1. ரோட்டர் இல்லாமல் லீவரை அழுத்தினால் பேட்கள் ஒட்டிக்கொள்ளும். சக்கரத்தைக் கழற்றினால் நடுவில் பிளாஸ்டிக் துண்டைச் செருகுங்கள்.
2. செயின் எண்ணெய் ஒரு சொட்டு பட்ட ரெசின் பேடைக் காப்பாற்ற முயல வேண்டாம், மாற்றிவிடுங்கள். ரோட்டரை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் துடையுங்கள்.
3. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராம் நிறுவனத்தின் பல மாடல்களுக்கு டாட் எனப்படும் பிரேக் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் ஊதிப்போகும்.
4. புதுப் பேட் போட்டதும், மணிக்கு 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், இருபது முப்பது முறை பிடியுங்கள். இதைச் செய்யாமல் மலைக்குப் போனால் பேட் பளபளத்து, கீச்சிடும்; பிடிக்காது.
5. "ரெசின் பேட் ஒன்லி" என்று ரோட்டரில் பொறித்திருந்தால் உலோகப் பேட் போடக் கூடாது. ரோட்டர் வேகமாகத் தேய்ந்துவிடும்.

சமவெளி ஊரில் அலுவலகம், கடைத்தெரு என்று ஓட்டுபவர்கள் ஹைட்ராலிக்குக்கு அவசரப்பட வேண்டாம். நல்ல கேபிள் உறையும் புதுப் பேடும் போதும். வழியில் கேபிள் அறுந்தால் எந்தச் சைக்கிள் கடையிலும் மாற்றிக்கொள்ளலாம்.

## கியர்: ஒன்-பைக்கு மாறுவதா, இருப்பதையே சீராக்குவதா

ஒன்-பை என்றால் முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் கேசட் என்ற அகன்ற பல்சக்கரத் தொகுதி. முன் டீரெய்லர், அதன் ஷிஃப்டர், கேபிள் எல்லாம் போய்விடும். ஆசைப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் முதலில் எண்களைப் பாருங்கள்.

முன்னால் 24, 34, 42 பல் சக்கரங்கள் கொண்ட கிராங்கும் (பெடல் தொகுதி), பின்னால் 14 முதல் 34 பல் வரை கொண்ட ஃப்ரீவீலும் உள்ள மூன்றுக்கு ஏழில் மிக லேசான கியர் 24/34, அதாவது 0.71. மிகக் கனமானது 42/14, அதாவது 3.0. இப்போது ஒன்-பையில் 32 பல் முன்னால், 11-46 கேசட் பின்னால் வைத்தால் 0.70இலிருந்து 2.91 வரை. அகலம் ஏறத்தாழ அதேதான்! ஒன்-பை போட்டதால் புதிதாக ஒரு மலை ஏறிவிட முடியாது. கிடைப்பது எளிமை: ஒரே கையில் கியர், குழப்பமில்லாத வரிசை, அடிக்கடி கழலாத செயின்.

21 கியர் என்று சொன்னாலும் அதில் மூன்றிலொரு பங்கு இரட்டைப் பிறவிகள். 24/14 என்பது 1.71, 34/20 என்பது 1.70, 42/24 என்பது 1.75. மூன்றுமே காலுக்கு ஒன்றுதான்.

சரி, மாற்ற என்னென்ன வேண்டும்? ஏழு ஸ்பீடு ஃப்ரீவீல், சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பில் திருகி ஏறுவது. கேசட்டுக்கு வேறு ஹப் வேண்டும், அதாவது பின்சக்கரமே மாறும். பட்டியல் இப்படி நீள்கிறது: கேசட் ஹப் உள்ள பின்சக்கரம், கேசட், டீரெய்லர், ஷிஃப்டர், செயின், மாறிமாறிக் குறுகியும் அகன்றும் பல்லுள்ள ஒற்றைச் செயின்ரிங். பழைய கிராங்கில் மூன்று ரிங்கும் ரிவிட் அடித்துக் கோத்திருந்தால் கிராங்கும் மாறும், பல நேரம் கூடவே அதைத் தாங்கும் பாட்டம் பிராக்கெட்டும். ஏழெட்டுப் பொருள்.

ஃப்ரீவீல் ஹப்பில் இன்னொரு பலவீனம் உண்டு. வலப்பக்கப் பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் நுனி தாங்கலில்லாமல் நீண்டு நிற்கும். கனமானவர்களும் படிக்கட்டு, மேடு குதிப்பவர்களும் அச்சை வளைப்பது இதனால்தான். பின்சக்கரத்தை அசைத்துப் பார்க்கும்போது தொடர்ந்து ஆட்டம் காண்பவர்கள் கியருக்காக இல்லாவிட்டாலும் கேசட் ஹப்புக்கு மாறுவது நல்லது.

உங்களிடம் ஏற்கெனவே எட்டு ஸ்பீடு கேசட் இருந்தால் நிலைமை வேறு. ஹப்பை வைத்துக்கொண்டு மைக்ரோஷிஃப்ட் அகோலைட்டின் 12-42 எட்டு ஸ்பீடு, அல்லது ஷிமானோ க்யூஸின் 11-46 ஒன்பது ஸ்பீடுக்குப் போகலாம். ஒரு விதியை மறக்க வேண்டாம்: ஷிஃப்டரும் டீரெய்லரும் ஒரே குடும்பமாக இருக்க வேண்டும். ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுப்பது என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும். ஷிமானோவின் பழைய அலிவியோ ஷிஃப்டரோடு க்யூஸ் டீரெய்லர் வேலை செய்யாது. பன்னிரண்டு ஸ்பீடைத் தொட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஹேங்கர் ஒரு மி.மீ. வளைந்தாலே அது தடுமாறும், செயினும் கேசட்டும் விலை கூடியவை.

மாறாமல் இருப்பவர்கள் செய்ய வேண்டியது: செயினில் பன்னிரண்டு முழு இணைப்பை (உள்தகடும் வெளித்தகடும் சேர்ந்தது ஒன்று) அங்குல ஸ்கேலால் அளவிடுங்கள். சரியான செயின் 12 அங்குலம். அது 12 அங்குலத்தைத் தாண்டி ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு போய்விட்டால் செயினை மட்டும் மாற்றுங்கள். எட்டில் ஒரு பங்கு தாண்டிவிட்டால் புதுச் செயின் பழைய ஃப்ரீவீலில் வழுக்கும், இரண்டும் சேர்ந்தே மாற வேண்டும். ஏற்றத்தில் கால் ஓய்ந்துபோகிறது என்பது மட்டும்தான் குறை என்றால், 14-28 ஃப்ரீவீலை 14-34க்கு மாற்றுவது ஒன்-பையின் செலவில் சின்னத் துண்டுதான். டீரெய்லர் 34 பல்லை ஏற்குமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். செயினும் கொஞ்சம் நீளமாக வேண்டும்.

## ஃபோர்க்: கடைசியில் வர வேண்டியது

பார்வைக்கு முதலில் படுவதும் ஃபோர்க்தான், பணத்தை அதிகம் விழுங்குவதும் அதுதான். விலை குறைந்த ஸ்பிரிங் ஃபோர்க் இரண்டரைக் கிலோவை ஒட்டி இருக்கும். அதன் ஸ்பிரிங் நடுத்தர எடையுள்ள ஆளுக்கானது. 50 கிலோ ஆளுக்கு அது பாதிகூட அமுங்காது. மேலே உள்ள திருகு ஸ்பிரிங்கை முன்கூட்டி அழுத்துமே தவிர அதன் விறைப்பை மாற்றாது. காற்று ஃபோர்க்கில் உங்கள் எடைக்கேற்பக் காற்றடிக்கலாம், அமர்ந்ததும் 100 மி.மீ.யில் 20 முதல் 25 வரை இறங்கும்படி.

தடை எங்கே? ஹெட் டியூபில், அதாவது ஃபோர்க் நுழையும் ஃபிரேமின் முன்குழாயில். விலை குறைந்த ஃபிரேமில் மேலும் கீழும் ஒரே அளவுத் துளை. அடியில் பருத்த ஸ்டியரர் (மேல்தண்டு) உள்ள புதிய ஃபோர்க் அதில் நுழையாது. நேரான 28.6 மி.மீ. ஸ்டியரரோடு கிடைக்கும் மாடல்கள் சிலவே. அச்சும் பார்க்க வேண்டும். உங்கள் முன்சக்கரம் 9 மி.மீ. குவிக் ரிலீஸ் என்றால் 15 மி.மீ. அச்சுள்ள ஃபோர்க் வாங்கிய அன்றே முன்சக்கரமும் வாங்க வேண்டும். அதோடு ஃபோர்க்குக்குக் காற்றடிக்கும் ஷாக் பம்ப், வருடா வருடம் சீல், எண்ணெய் மாற்றம், அதைச் செய்யத் தெரிந்த மெக்கானிக்.

100 மி.மீ.க்கான ஃபிரேமில் 120 போட்டால் ஹெட் ஆங்கிள் (முன்குழாயின் சாய்வு) சுமார் ஒரு டிகிரி சாயும். இறக்கத்தில் நன்று, ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். 140 போடக் கூடாது, ஃபிரேமின் கழுத்தில் விரிசல் விழலாம்.

யாருக்கு இது சரி? வாரம் தவறாமல் கல்பாதையில் ஓடி, டயரையும் பிரேக்கையும் ஏற்கெனவே சரிசெய்து, ஃபிரேமில் அகன்ற ஹெட் டியூப் உள்ளவர்களுக்கு. தார்ச்சாலையில் ஓட்டுபவர்களுக்கு நேர்மாறான யோசனை ஒன்று: அதே உயரத்துக்குச் செய்த சஸ்பென்ஷன் இல்லாத ஃபோர்க். ஒரு கிலோவுக்கு மேல் எடை குறையும், பராமரிப்பே இல்லை.

## ஒரே பார்வையில்

| மாற்றம் | தீரும் குறை | கூட இழுத்துவருவது | பராமரிப்பு | அடுத்த சைக்கிளுக்கு |
|---|---|---|---|---|
| டயர், சீலன்ட் | வழுக்கல், பஞ்சர், கை அதிர்வு | டேப், வால்வு | 2–3 மாதத்துக்கு ஒருமுறை சீலன்ட் | சக்கர அளவு ஒத்தால் போகும் |
| ஹைட்ராலிக் பிரேக் | இறக்கத்தில் விரல் வலி | ஷிஃப்டர், அடாப்டர், சில நேரம் ரோட்டர் | பேட், அபூர்வமாக எண்ணெய் | போகும் |
| ஒன்-பை | முன் கியர் குழப்பம், செயின் கழலுதல் | பின்சக்கரம், கிராங்க் உட்பட ஏழெட்டுப் பொருள் | விலை கூடிய செயின், கேசட் | பாதி போகும் |
| காற்று ஃபோர்க் | கல்பாதை அடி | முன்சக்கரம், ஷாக் பம்ப் | வருட சர்வீஸ் | பெரும்பாலும் போகாது |

பிரேக்கும் கியரும் ஃபோர்க்கும் மூன்றும் வேண்டும் என்று பட்டியல் நீண்டால் நிறுத்திக் கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை புதுச் சைக்கிள் விலையில் பாதியைத் தாண்டினால் இருப்பதை விற்றுவிடுவதே மேல். பாகம் பாகமாக வாங்கும் விலைக்குத் தொழிற்சாலையில் பொருத்திய சைக்கிள் எப்போதும் மலிவு. புதியதில் பார்க்க வேண்டியவை: கேசட் ஹப், அடியில் பருத்த ஹெட் டியூப், தனித்தனி லீவரும் ஷிஃப்டரும், டியூப்லெஸ் ரெடி ரிம்.

## ஃபேட் பைக்

பனிக்காகப் பிறந்த வண்டி இது. அலாஸ்காவில் பனிப்பாதைகளில் ஓட்டியவர்கள் ரிம்களை இணைத்து அகலப்படுத்தித் தொடங்கியது. 2005இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வந்த பிறகே கடையில் வாங்கும் பொருளானது. கடற்கரை மணலுக்கும் அதே தத்துவம்தான்: அகன்ற டயர், மிகக் குறைந்த காற்று.

அதனால் இங்கே முதல் மேம்படுத்தல் ஒரு பாகமே இல்லை, குறைந்த அழுத்தத்தைச் சரியாகக் காட்டும் கேஜ். சாதாரண பம்பின் முள் 10 பிஎஸ்ஐக்குக் கீழே நம்பத் தகுந்ததில்லை. 26 × 4.0 டயரில் இரண்டு பிஎஸ்ஐ வித்தியாசம் கையில் தெரியும். இளகிய மணலுக்கு 5 முதல் 7, மண்பாதைக்கு 8 முதல் 10, தார்ச்சாலைக்கு 15ஐ ஒட்டி. மணலுக்கான காற்றோடு தார்ச்சாலையில் வளைந்தால் ஹேண்டில்பார் தானாக ஒருபக்கம் இழுக்கும். அதை ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்) கோளாறு என்று நினைத்துக் கழற்றுபவர்கள் உண்டு.

இரண்டாவது பிரேக். சைக்கிளே 17, 18 கிலோ. கேபிள் டிஸ்க் திணறுகிறது. ஹைட்ராலிக்குக்கு மேலே சொன்னதெல்லாம் பொருந்தும். பின் பிரேக்கின் எண்ணெய்க் குழாய் நீளத்தை மட்டும் அளந்து வாங்குங்கள்.

கியரிலும் சக்கரத்திலும் கை வைக்குமுன் பின் ஹப்பின் அகலத்தை அளவிடுங்கள். சாதாரண எம்டிபிக்கு 135 மி.மீ.; ஃபேட் பைக்கில் 170, 177, 190, 197 என்று போகிறது. பாட்டம் பிராக்கெட் குழாய் 73 மி.மீ.க்குப் பதில் 100. அதனால் பக்கத்துக் கடையில் பின்சக்கரமோ கிராங்கோ கிடைக்காது, இணையத்தில் வரவழைக்க வேண்டும். 4.0 டயருக்கான ஃபிரேமில் 4.8 ஏற்றினால், செயின்ஸ்டே விட்டாலும் செயின் விடாது: பின்னால் மிகப் பெரிய பல்லில் செயின் டயரை உரசும்.

சஸ்பென்ஷன் ஃபோர்க் போடும் எண்ணத்தை விட்டுவிடலாம். 2014இல் ராக்‌ஷாக்ஸ் புளூட்டோ ஃபோர்க் வந்ததிலிருந்து தரமான ஃபேட் ஃபோர்க்குகள் 150 மி.மீ. ஹப், 15 மி.மீ. அச்சைக் கேட்கின்றன, 135 ஹப் உள்ள முன்சக்கரம் பொருந்தாது. நான்கு அங்குல டயரே போதிய சஸ்பென்ஷன்.

அந்தப் பணத்தில் ஒரு பங்கைக் கடற்கரைக்குப் பின் செய்யும் வேலைக்கு ஒதுக்குங்கள். ஃப்ரீவீலைப் பிரித்துச் சுத்தம் செய்வது கடினம். உப்புத் தண்ணீர் உள்ளே இறங்கினால் சில வாரத்தில் கரகரக்கும், பிறகு இறுகும். கரையிலிருந்து வந்த அன்றே நல்ல தண்ணீரை அழுத்தமில்லாமல் ஊற்றிக் கழுவி, செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். வருடம் ஒரு ஃப்ரீவீல், ஒரு செயின் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.